முதல் பாட்டைத் தாண்டாத விமர்சகன்

எம்.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு அரசு வேலைக்காகக் காத்திருந்த மூன்று வருடங்களில், எங்கள் தெருவில் எனக்கு ஒரு பதவி இருந்தது. யார் வீட்டுக்கு எந்த விண்ணப்பப் படிவம் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பதிலிருந்து பாஸ்போர்ட் வரைக்கும், பெரிய எழுத்தில், கட்டத்துக்கு வெளியே போகாமல் எழுதிக் கொடுப்பேன். கட்டத்துக்குள் எழுதுகிறவனுக்கு இலக்கியமும் கலையும் தெரிந்திருக்கும் என்று தெரு நம்பியது. நானும் நம்பினேன்.

எதிர் வீட்டுப் பெரியப்பாவோடு பழக்கம் வந்ததும் அப்படித்தான். உறவு ஒன்றும் இல்லை, அழைப்பது அப்படி. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். காரைக்காலில் அப்படிப்பட்டவர்களைச் ‘சொல்தா’ என்பார்கள். குடியுரிமையும் பென்ஷனும் அந்த நாட்டுடையவை. பிரெஞ்சில் வரும் கடிதங்களை அவரே பார்த்துக்கொள்வார். இங்கிலீஷில் எது வந்தாலும் என்னைக் கூப்பிட்டு அனுப்புவார். போனால் பெரியம்மா டீ கொண்டு வந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். அவரிடம் நான் பேசியதெல்லாம், “இந்த இடத்துல கையெழுத்துப் போடுங்க பெரியம்மா” என்பது மட்டும்தான்.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, பெரியப்பாவுக்குக் கண்ணில் புரை எடுக்க வேண்டியிருந்தது. பாரிஸ் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த மகள், நீண்ட விடுப்பு போட்டுவிட்டு வந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், அக்கா என்பேன். இரண்டு பெரிய பெட்டிகளில் ஒன்றில் டிவியோடு இணைத்து விளையாடும் வீடியோ கேம் பெட்டி இருந்தது. “ராத்திரி டூட்டி முடிச்சு வந்தா எனக்கு இதுதான் தம்பி தூக்க மாத்திர” என்று சொல்லிக்கொண்டே ஹாலில் அதை மாட்டினார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சாய்வு நாற்காலியில் கிடந்த பெரியப்பா, “சத்தத்த மட்டும் கொறச்சு வை” என்றார்.

டிவியில் ஒரு நகரம் வந்தது. முழுக்கக் கறுப்பு வெள்ளை. அதில் சிவப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண் மட்டும் நிறத்தோடு இருந்தாள். மழை பெய்துகொண்டிருந்தது. பாட்டு ஆரம்பித்ததும் அவள் நடக்க ஆரம்பித்தாள். அவளைச் சுற்றி ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். தாளம் விழும் இடத்தில் கையில் பிடித்திருக்கும் கருவியின் பொத்தானை அழுத்த வேண்டும். சரியாக அழுத்தினால் தெருவில் ஒரு விளக்கு எரியும், பாட்டில் இன்னொரு வாத்தியம் வந்து சேரும். தப்பாக அழுத்தினால் அவள் தடுக்கி நிற்பாள். நிறையத் தப்பு செய்தால் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொள்வாள், அத்தோடு ஆட்டம் முடிந்தது.

அக்கா ஆடியபோது தெருவில் முக்கால்வாசி விளக்கு எரிந்தது. இவ்வளவு அழகான ஒன்றை நான் டிவியில் பார்த்ததில்லை. அந்த அழகைப் பார்த்தவுடனே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

“லயம்தானேக்கா? நான் மிருதங்கம் கத்துக்கிட்டவன்” என்றேன்.

உண்மைதான். பத்து வயதில் நான்கு மாதம் கற்றுக்கொண்டேன். ஐந்தாவது மாதம் வாத்தியார் அப்பாவைக் கூப்பிட்டு, “பையன் படிப்புல எப்படிங்க?” என்று கேட்டார். “நல்லாப் படிக்கிறான்ங்க” என்றார் அப்பா. “அப்ப படிக்கட்டுமே” என்றார் வாத்தியார். இந்தக் கதையில் நான்கு மாதம் வரைக்கும்தான் நான் வெளியில் சொல்வது.

சிவப்புக் கோட்டுப் பெண் என் கையில் பதினைந்து அடி நடந்தாள். அப்புறம் தடுக்கினாள், மறுபடியும் தடுக்கினாள், உட்கார்ந்துவிட்டாள். திரையில் பெரிதாக ‘டி’ என்று மதிப்பெண் வந்தது. அது முதல் பாட்டு. இருப்பதிலேயே சுலபமானது. இரண்டாம் முறை பத்து அடி. மூன்றாம் முறை அவள் கிளம்பும்போதே என்னைப் பார்த்து முறைத்த மாதிரி இருந்தது.

“டிவியில படம் கொஞ்சம் லேட்டா வருதுக்கா. ஸ்டெபிலைசர் வழியா கரண்ட் வர்றதால இருக்கும்.”

“அதே டிவியிலதான் தம்பி நானும் விளையாடுறேன்.”

“இல்லக்கா, இவங்களுக்கு லயமே தெரியல. தட்டுக்கும் தட்டுக்கும் நடுவுல மூச்சே இல்ல.”

அக்கா சிரித்தார். “அப்படின்னா எழுதிப் போடேன். விளையாடுனவங்க கருத்து எழுதுறதுக்குன்னே ஒரு வெப்சைட் இருக்கு. நான் அதப் படிச்சுட்டுத்தான் இத வாங்குனேன்.”

கிண்டலாகத்தான் சொல்லியிருக்கிறார். எனக்கு அது அழைப்பிதழ் மாதிரி இருந்தது. முகவரியைக் குறித்துக்கொண்டு மறுநாள் காலையிலேயே பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்து, அந்தத் தளத்தில் இருந்த கருத்துகளைப் படித்தேன். இசை பிரமாதம், உடைகள் பிரமாதம், மூன்றாவது பாட்டில் அழுதுவிட்டேன், கடைசிப் பாட்டு கொலைகாரப் பாட்டு என்று ஊர் உலகமெல்லாம் எழுதியிருந்தது. எல்லோரும் இரண்டு வரி, மூன்று வரி. நான் இங்கிலீஷில் இரண்டு பக்கம் எழுதினேன்.

கண்ணுக்கு விருந்து, காதுக்குப் பட்டினி என்று ஆரம்பித்தேன். தாளம் என்பது தட்டில் இல்லை, தட்டுகளுக்கு நடுவே இருக்கும் மௌனத்தில் இருக்கிறது என்றேன். காவிரி பாயும் மண்ணில் பிறந்தவர்களுக்கு இது தாய்ப்பாலோடு வருவது என்றேன். காவிரியோடு எனக்கிருந்த சம்பந்தம், அதன் கிளையான அரசலாற்றுப் பாலத்தில் தினமும் சைக்கிளில் போவதுதான். ஐந்து நட்சத்திரத்துக்கு இரண்டு கொடுத்தேன். நான் வைத்துக்கொண்ட புனைபெயரில் மிருதங்கம் என்ற சொல் இருந்தது. அதுதான் வினையாயிற்று.

இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் பதில்கள் வரிசையாக இருந்தன. தென்னிந்தியத் தாள வித்வான் ஒருவர் வந்து நம் விளையாட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறார் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஏதோ ஒரு பனி நாட்டில் பல் மருத்துவம் படிக்கிற பையன், “ஆசானே” என்று ஆரம்பித்து, நான் சொன்ன மௌனத்தைக் கேட்பதற்காக மறுபடியும் முதலிலிருந்து ஆடப் போவதாகச் சொல்லியிருந்தான். ஒரே ஒருவர் மட்டும், “நீங்கள் எத்தனையாவது பாட்டு வரைக்கும் போயிருக்கிறீர்கள்?” என்று கேட்டிருந்தார்.

‘நான் வித்வான் இல்லை’ என்று எழுத ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் எனக்குக் கிடைக்கவில்லை. கேள்வி கேட்டவருக்கு, “கடலின் ஆழத்தை அலைகளை எண்ணியா அளப்பது?” என்று பதில் எழுதினேன். அதற்கும் பாராட்டு வந்தது.

அடுத்த மூன்று வாரம் நான் வேறு ஆளாக நடமாடினேன். சாப்பிடும்போது விரலால் தட்டைத் தட்டுவேன். அம்மா, “என்னடா வேணும்? சொல்லிக் கேளேன்” என்பாள். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டைப் பற்றியும் கருத்துச் சொன்னேன். எல்லாம் அக்கா ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததை வைத்துத்தான். அக்கா ஏழாவது பாட்டில் சிக்கி நின்றார், என் ஞானமும் ஏழாவது பாட்டிலேயே நின்றது. அக்கா இல்லாத நேரம் முதல் பாட்டை முயன்று பார்ப்பேன். ‘டி’ என்ற எழுத்து வராத நாளே இல்லை.

அப்போதுதான் பல் மருத்துவ மாணவன் கேட்டான். கடைசிப் பாட்டில் எல்லோரும் விழுகிறோம், எங்கே தப்பு என்று புரியவில்லை, ஆசான் வழி சொல்ல வேண்டும். அவனுக்குக் கீழே இன்னும் பத்துப் பேர், “நாங்களும் காத்திருக்கிறோம்.”

கடைசிப் பாட்டை நான் காதால்கூடக் கேட்டதில்லை.

மறுநாள் மதியம், அக்காவைக் கெஞ்சியாவது எட்டாவதான அந்தக் கடைசிப் பாட்டுக்குத் தள்ளிவிடலாம் என்று எதிர் வீட்டுக்குப் போனேன். அக்கா மருந்து வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். பெரியப்பா சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தார். டிவிக்கு எதிரே தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார் பெரியம்மா. கையில் அந்தக் கருவி. திரையில் தெரு முழுக்க விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் அதுவரை பார்க்காத தெரு. பெரியம்மா திரையையே பார்க்கவில்லை. கருக்களாச்சேரியிலிருந்து வரும் மீன்காரம்மா போய்விடப் போகிறாரே என்று வாசலைப் பார்த்தபடி அழுத்திக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் கருவியை முந்தானையில் மறைத்தார்.

“அக்காகிட்ட சொல்லிடாத தம்பி. மாவுக் கையோட தொடுறேன்னு சத்தம் போடும்.”

“பெரியம்மா, இது எத்தனாவது பாட்டு?”

“கடைசி. இதுக்கு மேல ஒண்ணும் வரமாட்டேங்குது. திரும்ப முதல்லேந்து ஆரம்பிக்குது.”

நான் தரையில் உட்கார்ந்தேன். மகள் குளிக்கும்போதும் தூங்கும்போதும் வெளியே போகும்போதும் ஆடியே எல்லாப் பாட்டையும் முடித்திருந்தார். எப்படி என்று கேட்டேன்.

“அந்த வட்டத்தப் பாக்குறல்ல, அதான் தப்பு. அது பாட்டவிடக் கொஞ்சம் பிந்தித்தான் வருது. வட்டத்த விடு, பாட்டக் கேளு.”

“இந்தக் கடைசிப் பாட்டு?”

பெரியம்மா கொஞ்சம் யோசித்தார். “இது ரெண்டு பேரு பேசிக்கிற மாதிரி தம்பி. ஒருத்தன் நாலு நாலா எண்ணுறான், இன்னொருத்தன் அஞ்சு அஞ்சா எண்ணுறான். ரெண்டு பேரும் எப்பவாச்சும் ஒரே நேரத்துல வாயத் தொறப்பாங்க. அங்க மட்டும் அழுத்துனா போதும். மத்த நேரம் சும்மா இருக்கணும். சும்மா இருக்கறதுதான் கஷ்டம்.” பிறகு திரையைக் காட்டி, “எல்லாம் நல்லாத்தான் செஞ்சிருக்காங்க. இவ்வளவு மழையில அந்தப் பொண்ணுக்கு ஒரு கொடையக் குடுத்திருக்கலாம்” என்றார்.

வாசலில் மீன்காரம்மாவின் குரல் கேட்டது. பெரியம்மா எழுந்து போனார். நான் சட்டைப் பையில் இருந்த ஒரு விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கத்தில் அவர் சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டு, சைக்கிளை எடுத்தேன்.

அன்று எழுதியதுதான் என் வாழ்க்கையிலேயே அதிகம் பேர் படித்த எழுத்து. நாலாக எண்ணுகிறவன், ஐந்தாக எண்ணுகிறவன், இருவரும் ஒன்றாக வாய் திறக்கும் இடம், சும்மா இருப்பதன் கஷ்டம். குடையையும் விடவில்லை. “இந்தப் பாட்டை நான் நூறு முறையாவது கேட்டிருப்பேன்” என்ற முதல் வரி மட்டும்தான் என்னுடைய சொந்தச் சரக்கு. பல் மருத்துவ மாணவன் மறுநாளே கடைசிப் பாட்டை முடித்துவிட்டான். இன்னும் நான்கைந்து பேரும் முடித்தார்கள். தளத்தை நடத்துகிறவர்கள் என் கருத்தைப் பக்கத்தின் உச்சியில் கொண்டுபோய் வைத்தார்கள்.

உச்சியில் வைத்தால் எல்லோருக்கும் தெரியும் என்பது எனக்குத் தோன்றவில்லை. அக்கா தன் கணவருக்கு மெயில் அனுப்ப அதே பிரவுசிங் சென்டருக்குத்தான் போவார்.

இரண்டு நாள் கழித்து மாலை டீக்குக் கூப்பிட்டார். போனேன். அக்காவின் கையில் பிரிண்ட் எடுத்த தாள்கள்.

“தம்பி பெரிய ஆளாயிட்டுதுப்பா. படிக்கிறேன், கேளுங்க” என்று ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்ல ஆரம்பித்தார். அவருக்கு நிஜமாகவே பெருமையாக இருந்தது, அதுதான் கொடுமை. நான் டீயைக் கீழே வைத்தேன். ‘ஒருவன் நாலாக எண்ணுகிறான்’ என்ற இடத்தில், அடுப்படியிலிருந்து கரண்டியோடு பெரியம்மா வந்து நின்றார். குடை வந்ததும் வாயைத் திறந்தார்.

“இது நான் சொன்னதுல்ல?”

அக்கா படிப்பதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். “நீ எப்பம்மா விளையாடுன?”

சாய்வு நாற்காலியிலிருந்து பெரியப்பா சொன்னார்: “தினம் மத்தியானம் விளையாடுது. எனக்குக் கண்ணுலதான ஆப்பரேஷன், காதுலயா?”

அக்கா கருவியை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தார். பெரியம்மா கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்து கடைசிப் பாட்டை ஆடினார். ஒரு விளக்கு பாக்கியில்லாமல் எரிந்தது. அக்கா வாயில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“எங்கம்மா சொன்னத நீ சொன்னதா போட்டிருக்க.”

“சொல்லணும்னுதான் இருந்தேன்க்கா.”

“எப்ப?”

கையில் கரண்டியோடு நின்றேன். “நீ எந்தப் பாட்டு வரைக்கும் முடிச்சிருக்க தம்பி?” என்று அடுத்த கேள்வி வந்தது. முதல் பாட்டு இன்னும் முடியவில்லை என்று சொன்னேன். பெரியப்பா, “ஆடத் தெரியாதவ தெருக்கோணல்னு சொன்னாளாம்” என்று சொல்லிச் சிரித்தார். சிரித்தால் கண்ணுக்கு ஆகாது என்று அக்கா அவரை அதட்டினார். அப்படியே வீட்டுக்கு ஓடிவிடலாம் என்றிருந்தது. ஆனால் பெரியம்மா என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

“அவங்கல்லாம் என்ன சொன்னாங்க தம்பி? நான் சொன்னது சரின்னாங்களா?”

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. கோபமே இல்லை. தெரிந்துகொள்ளும் ஆசை மட்டும் முகத்தில் இருந்தது. இரண்டு வருடமாக அந்த வீட்டுக்குப் போய் வந்திருக்கிறேன், அவர் எதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. என்னை வித்வான் என்று யாரோ சொன்ன வார்த்தைக்கு மூன்று வாரம் மிதந்த எனக்கு, அந்தச் சந்தோஷத்தை இவரிடமிருந்து எடுத்துக்கொண்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. அக்காவின் கையிலிருந்த தாள்களை வாங்கி, வந்திருந்த பதில்களை ஒன்றுவிடாமல் தமிழில் படித்துக் காட்டினேன். பல் மருத்துவ மாணவன் முடித்துவிட்ட செய்தியை இரண்டு முறை சொல்லச் சொன்னார். “பரவால்ல, கெட்டிக்காரப் புள்ள” என்றார்.

மறுநாள் போய்த் தளத்தில் எழுதினேன். நான் வித்வான் இல்லை. முதல் பாட்டையே முடித்ததில்லை. கடைசிப் பாட்டைப் பற்றி எழுதியது எதிர் வீட்டில் இருக்கும் ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி சொன்னது. மன்னிக்கவும். பெரிய புயல் அடிக்கும் என்று இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. போய்ப் பார்த்தபோது, நான் எத்தனையாவது பாட்டு என்று ஆரம்பத்தில் கேட்டவர், “நினைத்தேன்” என்று ஒரே வார்த்தை எழுதியிருந்தார். வேறொருவர் என்னைப் புளுகன் என்றார். மற்ற எல்லோரும் என்னைச் சட்டையே செய்யவில்லை. அந்தப் பெண்மணி மூன்றாவது பாட்டைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்டிருந்தார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று பட்டது.

அப்படியாக என் பழைய பதவிக்கே திரும்பினேன். மதியச் சாப்பாடு ஆனதும் பெரியம்மா ஒரு பாட்டை ஆடிவிட்டுக் கருத்துச் சொல்வார், நான் எழுதிக்கொண்டு போய் இங்கிலீஷில் போடுவேன். மூன்றாவது பாட்டைப் பற்றி, “இதுல அழுறதுக்கு என்ன இருக்கு? அவ வீட்டுக்குத்தானே போறா” என்றார். ஐந்தாவது பாட்டு சமைத்துக்கொண்டே கேட்கலாம், விளையாட உதவாது. ஆறாவதில் பாதிக்கு மேல் செய்தவனுக்கே அலுத்துவிட்டது, அவசரமாக முடித்திருக்கிறான். உடைகளைப் பற்றிக் கேட்டவருக்கு, அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு யாராலும் அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்று பதில்.

ஒருமுறை பழக்கதோஷத்தில் அவர் சொன்ன இரண்டு வரியை இருபது வரியாக்கி, மௌனத்தையும் காவிரியையும் நடுவில் சேர்த்துவிட்டேன். போடுவதற்கு முன் படித்துக் காட்டச் சொன்னார். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “நான் கொஞ்சமாத்தானே சொன்னேன்? பாக்கியெல்லாம் யாரு சொன்னா?” என்றார். காவிரியை அடித்தேன்.

அக்காவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஏதோ மாறியிருந்தது. ஏழாவது பாட்டில் அக்கா தடுமாறும்போதெல்லாம் பெரியம்மா அடுப்படியிலிருந்தே, “பிந்திட்ட” என்று கத்துவார். “நீ உன் வேலயப் பாரும்மா” என்று அக்கா பதிலுக்குக் கத்துவார். ஏழைத் தாண்டிய அன்று இருவரும் கட்டிக்கொண்டார்கள். பெரியப்பாவுக்குக் கண்ணாடி மாறியது, பேப்பர் படிக்க ஆரம்பித்தார். விடுப்பும் முடிய வந்தது.

அக்கா கிளம்புவதற்கு முந்தின நாள் அவரும் பெரியம்மாவும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். பெட்டியை எடுத்து வைக்கும் முன் ஒரு தடவை ஆடிப் பார்க்கலாம் என்று போனேன். பெரியப்பா முகத்தில் பேப்பரை மூடிக்கொண்டு தூங்கினார். முதல் பாட்டைப் போட்டேன். வட்டத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன். அவள் நடந்தாள், தடுக்கினாள், சமாளித்தாள், மறுபடி நடந்தாள். ஒரு விளக்கு எரிந்தது, இன்னொன்று எரிந்தது. கடைசித் தட்டு விழுந்தபோது அவள் உட்காரவில்லை. தெருக்கோடி வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தாள். திரையில் ‘சி’ என்று வந்தது.

“பெரியப்பா! பெரியப்பா! பாருங்க!”

அவர் பேப்பரை எடுத்து, புதுக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நிமிர்வதற்குள், விளையாட்டு தானாக ஆரம்பப் பக்கத்துக்குப் போய்விட்டது. திரையை உற்றுப் பார்த்தார்.

“என்ன தம்பி?”

“முதல் பாட்ட முடிச்சுட்டேன்.”

“சரி சரி” என்றார். “போவும்போது ஃபேனக் கொஞ்சம் கொறச்சு வச்சுட்டுப் போ.”

மறுநாள் பெட்டி அக்காவோடு விமானம் ஏறியது. பெரியம்மாவின் கருத்து எங்கே என்று தளத்தில் சில மாதம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவரிடம் சொன்னேன். “அதான் எல்லாம் சொல்லியாச்சே” என்றுவிட்டார், அப்படியே எழுதிப் போட்டேன். எனக்கு அடுத்த வருடம் புதுச்சேரியில் குமாஸ்தா வேலை கிடைத்தது, படிவங்களைச் சரிபார்க்கிற வேலை. முதல் பாட்டை முடித்ததை மட்டும் எங்கேயும் எழுதவில்லை. நான் எழுதினால் அந்தத் தளத்தில் ஒருவர்கூட நம்பியிருக்க மாட்டார்கள்.